கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் திரும்பி வர எத்தனை பேர் வேண்டும்?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஃபியூச்சராமா தொடரின் ஆறாவது சீசனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் நிறைய என்பதால் இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: 1999 டிசம்பர் 31 ராத்திரி பீட்சா கொடுக்கப் போன ஃப்ரை என்ற பையன் ஒரு உறைநிலைப் பெட்டிக்குள் தவறி விழுந்து, ஆயிரம் வருஷம் கழித்துக் கண் விழித்து, ஒற்றைக் கண் கேப்டன் லீலா, கெட்ட பழக்கமெல்லாம் உள்ள ரோபோ பெண்டர் ஆகியோருடன் ஒரு விண்வெளிப் பார்சல் சர்வீஸில் வேலைக்குச் சேர்கிறான். அந்த கம்பெனியை நடத்தும் கிழட்டுப் புரொபசர், ஃப்ரையின் அண்ணன் வழியில் பல தலைமுறை தள்ளி வந்தவர்.

பழைய சீசன்களோடு நிறுத்திக்கொள், 2010-க்கு அப்புறம் சரியில்லை என்கிறான் நண்பன். பார்க்கலாமா? அதோடு இந்த சீசன் எண் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே?
கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தாராளமாகப் பாருங்க. நண்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்க.

எண் குழப்பம் நியாயமானதுதான். ஃபாக்ஸ் சேனலில் 1999 மார்ச் 28-ல் தொடங்கி 2003 ஆகஸ்ட் வரை 72 எபிசோடு வந்தது. எடுத்தவர்கள் கணக்கில் அது நாலு சீசன், ஒளிபரப்பான கணக்கில் ஐந்து. அப்புறம் சேனல் கைவிட்டது. ஆனால் மறுஒளிபரப்பிலும் டிவிடி விற்பனையிலும் ரசிகர்கள் விடவில்லை, அதனால் 2007-லிருந்து 2009-க்குள் நாலு முழுநீளப் படங்கள் டிவிடியில் வந்தன, அவற்றைப் பின்னால் 16 எபிசோடுகளாக வெட்டி ஐந்தாவது சீசன் என்றார்கள். அதற்குப் பிறகு காமெடி சென்ட்ரல் சேனல் எடுத்துக்கொண்டு 2010 ஜூன் 24 முதல் 2011 செப்டம்பர் வரை இரண்டு தவணையாகப் போட்ட 26 எபிசோடுதான் நாம் பேசுகிற ஆறாவது சீசன். 2023-ல் ஹூலு என்ற ஓடிடியில் மறுபடி வந்ததைச் சிலர் எட்டு என்கிறார்கள், சிலர் பதினொன்று என்கிறார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டு எபிசோடு பெயரை வைத்துத் தேடுங்க: 'ரீபர்த்' முதல் எபிசோடு, 'ரீஇன்கார்னேஷன்' கடைசி.

நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தந்த வருஷத்துச் செய்தியைப் பிடித்துக்கொண்டு எழுதிய எபிசோடுகள் சில பழசாகிவிட்டன. ஆனால் இந்த சீசனின் நல்ல எபிசோடுகளில் ஒரு பிடிவாதம் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். கதைக்கு ஒரு விதி போடுகிறார்கள், போட்டபின் கடைசி நிமிஷம் வரை அதை மீறுவதில்லை. ஹீரோ மாட்டிக்கொண்டான் என்பதற்காக விதியைத் தளர்த்துகிற வேலை கிடையாது. சிரிப்பும் அழுகையும் அந்த விதிக்குள்ளேயே கிடைத்தாக வேண்டும்.

கார்ட்டூன்தானே, என் பத்து வயசுப் பையனுக்குப் போட்டுக் காட்டலாமா?
இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்

வேண்டாம் அம்மா. குடி, ஆபாசப் பேச்சு, பெரியவர்களுக்கான கிண்டல் எல்லாம் தாராளமாக உண்டு. பையன் பிளஸ் ஒன் வரட்டும், அப்போது சேர்ந்து பாருங்கள்.

உடம்பு மாறுகிற எபிசோடில் ஒரு கணித தேற்றம் நிஜமாகவே நிரூபிக்கப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். என் மாணவர்களுக்குப் பலகையில் போட்டுக் காட்டும்படி விளக்க முடியுமா?
கணித ஆசிரியை, வில்லியனூர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் டீச்சர்.

கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்குப் புதுசா என்ன? சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடக்க, மாடுகள் அழுவதைப் பார்த்த யோகி அவன் உடம்புக்குள் போய், திரும்பி வந்து பார்த்தால் தன் பழைய உடம்பைக் காணோம். அப்படித்தான் அவர் திருமூலர் ஆனார் என்பது புராணம். போவது எளிது, திரும்புவதுதான் பாடு. 2010 ஆகஸ்டில் வந்த 'தி பிரிசனர் ஆஃப் பெண்டா' எபிசோடும் அதே சிக்கலைத்தான் கையில் எடுக்கிறது. புரொபசரும் அதே கம்பெனியில் இருக்கும் ஏமியும் ஒரு இயந்திரத்தில் உடம்பை மாற்றிக்கொள்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த இயந்திரத்தில் ஒருமுறை மாறிய அதே இரண்டு உடம்புகளை மறுமுறை மாற்ற முடியாது. சரி, வேறு யாராவது வழியாகச் சுற்றி வரலாம் என்று ஆளாளுக்குள் நுழைய, பெண்டர், லீலா, ஃப்ரை, கம்பெனி ஆட்களான ஹெர்மஸ், ஸாய்ட்பெர்க், ஒரு வாளி ரோபோ, ஒரு ரோபோ மன்னர் என்று மொத்தம் ஒன்பது பேர் கலைந்துபோகிறார்கள்.

எழுதியவர் கென் கீலர். ஹார்வர்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எத்தனை பேர் எப்படிக் கலைந்திருந்தாலும் இன்னும் மாறாத புது ஆட்கள் இரண்டே பேர் வந்தால் எல்லோரையும் அவரவர் உடம்பில் சேர்த்துவிடலாம் என்று அவர் இந்தக் கதைக்காகவே நிரூபித்தார். அந்த நிரூபணம் எபிசோடில் பச்சைப் பலகையில் எழுதியே காட்டப்படுகிறது. இந்த எபிசோடுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது.

வகுப்புக்கு நாலு டம்ளர், நாலு சீட்டு போதும். டம்ளர்தான் உடம்பு, சீட்டு உள்ளே இருக்கிற ஆள். டம்ளர்களுக்கும் சீட்டுகளுக்கும் குமார், செல்வி, பாபு, மீனா என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். குமாரும் செல்வியும் மாறிவிட்டார்கள், அதாவது குமார் டம்ளரில் செல்வி சீட்டு, செல்வி டம்ளரில் குமார் சீட்டு. பாபுவும் மீனாவும் புது ஆட்கள், அவரவர் டம்ளரிலேயே இருக்கிறார்கள். இப்போது குமார் டம்ளரில் இருப்பதையும் பாபு டம்ளரில் இருப்பதையும் மாற்றுங்கள். அடுத்து செல்வி டம்ளர், மீனா டம்ளர். மூன்றாவது, குமார் டம்ளர், மீனா டம்ளர்: குமார் வீடு வந்து சேர்ந்துவிட்டான். நாலாவது, செல்வி டம்ளர், பாபு டம்ளர்: செல்வியும் வந்துவிட்டாள். இப்போது பாபுவும் மீனாவும் மட்டும் இடம் மாறி நிற்பார்கள். அந்த இரண்டு டம்ளரும் தங்களுக்குள் இதுவரை மாறவே இல்லை, ஐந்தாவதாக அதை மாற்றினால் முடிந்தது. எந்த ஜோடியும் இரண்டு முறை வரவில்லை பாருங்கள்.

ஒரே ஒரு புது ஆள் போதாதா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாபு மட்டும் இருந்தால் குமார், பாபு ஒருமுறை, செல்வி, பாபு ஒருமுறை, அத்தோடு வாய்ப்பு தீர்ந்தது. செல்வி தேறுவாள், குமாரின் உடம்பில் பாபு மாட்டிக்கொண்டிருப்பான். இரண்டு பேர் ஏன் தேவை என்பது அவர்கள் கையிலேயே புரிந்துவிடும். அதன்பின் ஏழு பேரை வட்டமாகக் கலைத்துவிட்டு இரண்டு பேரை வைத்துத் தீர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பீரியடில் யாரும் ஜன்னலைப் பார்க்க மாட்டார்கள்.

டைம் மெஷின் எபிசோடில் உலகம் அழிந்து மறுபடி அதே உலகம் பிறக்கிறது. இது நம்ம பிரளயம், கல்பம் கதைதானே?
வாசகர், ரெட்டியார்பாளையம்

சாயல் இருக்கிறது. 'தி லேட் ஃபிலிப் ஜே. ஃப்ரை' என்ற அந்த எபிசோடுதான் இந்த சீசனின் சிகரம் என்பேன், 2011-ல் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருதும் அதற்குத்தான். லீலாவின் பிறந்தநாள் விருந்துக்கு ஃப்ரை கிளம்பும் நேரத்தில் புரொபசர் தன் டைம் மெஷினைச் சோதிக்க இழுத்துப்போகிறார். அந்த மெஷினின் விதி ஒன்றே: முன்னால்தான் போகும், பின்னால் வராது. ஒரு நிமிஷம் முன்னால் போக நினைத்து, கைதவறி 10000-ஆவது வருஷத்துக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும் மெஷினை எதிர்காலத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று மேலும் மேலும் போய், பிரபஞ்சத்தின் கடைசி நாள் வரை வந்து, சரி, எல்லாம் முடிந்தது என்று பீர் குடித்துக்கொண்டு பார்க்கும்போது மறுபடி ஒரு பெருவெடிப்பு, மறுபடி அதே நட்சத்திரங்கள், அதே பூமி.

கதையாசிரியர்கள் விதியை மீறவில்லை. பின்னால் போகாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ஒரு முழுப் பிரபஞ்சத்தைச் சுற்றிக்கொண்டு. இதில் இன்னும் ஒரு படி போய், புரொபசர் சரியான இடத்தைத் தவறவிட, இன்னொரு முழுச் சுற்று சுற்றுகிறார்கள்.

நம் கணக்கில் ஒரு கல்பம் 432 கோடி வருஷம். இன்றைய வானியல் கணக்கில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி வருஷம். அடுத்த சுற்றிலும் அதே ஆட்கள் பிறந்து அதே ஹோட்டலில் டேபிள் போட்டு உட்காருவார்கள் என்பதற்கு இயற்பியலில் ஆதாரம் கிடையாது, அது கதை. ஆனால் முன்னால் மட்டும் போகும் என்ற அந்த விதி வெறும் கதை இல்லை. வேகமாக நகர்கிற கடிகாரம் மெதுவாக ஓடும், ஈர்ப்பு குறைந்த இடத்துக் கடிகாரம் வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீன் சொன்னது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் இரண்டும் சேர்ந்து தரைக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோ செகண்ட் முந்தும். அதைத் திருத்தாவிட்டால் உங்கள் போனில் உள்ள வரைபடம் உங்களை ரெட்டியார்பாளையத்தில் காட்டாது.

அறிவியலை விடுங்க, என்னை உலுக்கியது லீலாவின் பக்கம்தான். ஃப்ரை இறந்துவிட்டான் என்று நினைத்து வாழ்ந்து, வயதான காலத்தில் உண்மை தெரிந்ததும், அவனுக்குச் செய்தி அனுப்ப வழி தேடுகிறாள். அவன் முன்னால்தான் போவான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவர்கள் சந்திக்க இருந்த குகையின் கூரையைத் துப்பாக்கியால் துளைத்து, அந்தத் துளைகளில் சொட்டும் தண்ணீர் கோடிக்கணக்கான வருஷத்தில் தரையில் சுண்ணாம்புக் கல்லாக வளர்ந்து எழுத்தாக நிற்கும்படி செய்கிறாள். நூறு கோடி வருஷம் தாண்டி அவன் அதைப் படிக்கிறான். பின்னால் வர முடியாது என்ற விதி இல்லாவிட்டால் இந்தக் காட்சியே பிறந்திருக்காது.

பெண்டர் எபிசோடுகளில் ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றால் எது?
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், முத்தியால்பேட்டை

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது ஐயா: 'லெத்தல் இன்ஸ்பெக்ஷன்'. ரோபோக்களுக்கு உயிர் போனால் சேமித்து வைத்த பிரதியிலிருந்து மீண்டும் எழலாம். பெண்டருக்கு மட்டும் அந்தப் பாகம் இல்லை, குறைபாட்டோடு பிறந்தவன், செத்தால் செத்ததுதான். தன்னை எப்படி 'சரி' என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள், அந்த ஐந்தாம் நம்பர் இன்ஸ்பெக்டர் யார் என்று தேடி மெக்சிகோவில் உள்ள தன் தொழிற்சாலைக்குப் போகிறான், கூடவே அலுவலகத்து ஃபைல் மனிதர் ஹெர்மஸ். படிவம், முத்திரை, விதி என்றே வாழ்கிற ஆள் அவர்.

அந்த இன்ஸ்பெக்டர் யார் என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். கடைசி ஒரு நிமிஷத்தைத் தவறவிடாதீர்கள். ஒரு குழந்தை ரோபோவும் ஒரு கையெழுத்தும். நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரி படும்.

ஃப்ரையின் 93 சென்ட் ஆயிரம் வருஷத்தில் கோடிக்கணக்கில் ஆனது என்பது நம்பும்படியா இருக்கு?
வங்கி ஊழியர், கடலூர்

நீங்களே கால்குலேட்டரில் போடலாமே! இது முதல் சீசன் எபிசோடு. ஃப்ரை உறைவதற்கு முன் வங்கிக் கணக்கில் விட்டுப்போன 93 சென்ட், வருஷத்துக்கு 2.25 சதவீதம், கூட்டு வட்டி, 1000 வருஷம். 1.0225-ஐ ஆயிரம் முறை பெருக்கி 0.93-ஆல் பெருக்கினால் சுமார் 430 கோடி டாலர் வரும். எபிசோடில் சொல்வதும் அதுவே. தனி வட்டி போட்டிருந்தால் ஆயிரம் வருஷம் கழித்து கையில் 22 டாலர்கூட இருக்காது. ரெக்கரிங் டெபாசிட் கேட்டு வருகிற இளசுகளுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

இந்தத் தொடருக்கும் ராமானுஜனுக்கும் தொடர்பு உண்டாமே?
பிளஸ் டூ மாணவி, திருக்கோவிலூர்

உண்டு. உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ராமானுஜன் லண்டனில் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்க வந்த கணித மேதை ஹார்டி, தான் வந்த டாக்சி நம்பர் 1729, சுவாரசியம் இல்லாத எண் என்றார். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் இதுதான் மிகச் சிறியது என்று படுக்கையிலிருந்தே பதில் வந்தது. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூட்டினால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூட்டினாலும் 1729.

ஃபியூச்சராமாவில் பெண்டரைச் செய்த இயந்திரம் அவனுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில் அவன் 1729-ஆவது மகன். நிம்பஸ் என்ற போர்க்கப்பலின் பதிவு எண்ணிலும் 1729 இருக்கிறது. இரண்டாவது சீசனில் பெண்டரும் அவனைப் போலவே இருக்கும் ஃப்ளெக்ஸோவும் தங்கள் சீரியல் நம்பர்களைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இரண்டுமே இரண்டு கனங்களின் கூட்டுத்தொகை என்பதால். ஃப்ளெக்ஸோ 3370318, அதாவது 119-ன் கனத்தை இரண்டு முறை கூட்டியது. பெண்டர் 2716057, அது 952-ன் கனத்தோடு மைனஸ் 951-ன் கனத்தைக் கூட்டினால் வரும். டிவிடி படங்களில் முதலாவதில் ஓடும் ஒரு டாக்சியின் நம்பர் 87539319. இதை இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக மூன்று விதத்தில் எழுதலாம்: 167-ம் 436-ம், 228-ம் 423-ம், 255-ம் 414-ம். ஒவ்வொரு ஜோடியின் கனங்களையும் நீயே கூட்டிப் பாரம்மா, ஒரு இலக்கம்கூடத் தவறாது. திரையில் ஒரு நொடி வருகிற டாக்சிக்கு இந்த அக்கறை.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். 1910-ல் வேலையில்லாத ராமானுஜன் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றது திருக்கோவிலூரில்தான். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் அப்போது அங்கே டெபுடி கலெக்டர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத்தான் போனார். நோட்டைப் பார்த்த ஐயருக்கு இந்தத் திறமையை அந்த வேலையில் போட்டு மூட மனம் வரவில்லை, கடிதம் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். கேம்பிரிட்ஜுக்குப் போன பாதையில் உன் ஊரும் ஒரு நிறுத்தம்.

ஃப்ரையின் நாய் கல்லான எபிசோடைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆயிரம் வருஷத்தில் ஒரு நாய் கல்லாகுமா?
வாசகி, மயிலம்

'ஜுராசிக் பார்க்' (நாய் குரைக்கிற 'பார்க்') நாலாவது சீசன், 2002 நவம்பர். அதைப் பற்றி நான் அதிகம் பேசினால் நீங்கள் மூன்றாவது நாளும் சாப்பிட மாட்டீர்கள். கல்லாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: ஆயிரம் வருஷம் போதாது, கதையிலேயே அதை ஒரு விசேஷ நிகழ்ச்சியாகத்தான் புரொபசர் விளக்குவார். நிஜத்தில் எப்படி நடக்கும் என்று பார்க்க உங்களுக்குப் பஸ் செலவுகூட அதிகம் ஆகாது. திருவக்கரை கல்மரப் பூங்காவில் கிடக்கிற அடிமரங்கள் சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை. ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்களுக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பிடித்துக்கொண்டது. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள் அதே பஸ்ஸில் வந்து அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். அரை மணி ஒதுக்கி அந்த மரங்களையும் பாருங்கள்.

நம்ம ஊரை வைத்து இப்படி ஒரு தொடர் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
அனிமேஷன் படிக்கும் மாணவர், கடலூர் முதுநகர்

விண்கலத்தை வரைவதற்கு முன் விதியை எழுதுங்க. என் ஆசை ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் என்று மூன்று மாநிலங்களுக்கு நடுவே நாலு துண்டாகக் கிடக்கிற ஆட்சிப் பகுதி நம்முடையது. 3010-ல் அந்த நாலும் நாலு கிரகமாக இருக்கட்டும், நிர்வாகம் மட்டும் ஒன்று. ஒரு கிரகத்துச் சான்றிதழ் இன்னொன்றில் செல்ல வேண்டுமென்றால் அசல் தாளை ஆள்தான் கொண்டுபோக வேண்டும், ஒளிநகல் செல்லாது, போகும் வழியில் நடுவே உள்ள மூன்று அந்நிய மண்டலங்களிலும் எல்லைச் சோதனை. உங்கள் முதுநகர் துறைமுகத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் கப்பல், மூன்று பேர். விதி அவ்வளவுதான். இதை எந்த எபிசோடிலும் மீறாதீர்கள், ஹீரோவின் அம்மாவுக்கு மருந்து கொண்டுபோகிற எபிசோடிலும்கூட.

முதல் எபிசோடை எழுதி அனுப்புங்க, பத்துப் பக்கத்துக்குள். படித்துவிட்டு இதே பக்கத்தில் பதில் எழுதுகிறேன்.